அம்மம்மாவின் ரிச் கேக் நடுவில் களியாகிறது, உதவி தேவை

ஸ்காபரோ மகள்:
எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் அம்மம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் போட்ட ரிச் கேக்கை இப்போது கனடாவில் நான் போடுகிறேன். அவவின் கொப்பியில் இருப்பது இவ்வளவுதான்:

றவை அரை இறாத்தல், பட்டர் அரை இறாத்தல், சீனி முக்கால் இறாத்தல், மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 4, கஜு அரை இறாத்தல். பிளம்ஸ், சுல்தானா, செர்ரி, இஞ்சிப் பாகு, புஹுல் தோசி (சீனிப்பாகில் காய்ச்சிய நீற்றுப்பூசணி), சௌசௌ (பாகில் ஊறிய கலப்புப் பழம்) எல்லாம் சேர்த்து இரண்டு இறாத்தல். பிராண்டி, பன்னீர், தேன், ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய். 300இல் இரண்டரை மணித்தியாலம்.

ஓரம் காய்ந்து மேல் கறுத்துவிடுகிறது. நடு மட்டும் களி மாதிரி இருக்கிறது, ஆறியதும் பள்ளமாகிறது. பழம் எல்லாம் அடியில் போய் நிற்கிறது. இறாத்தலை 454 கிராம் என்று சரியாக நிறுத்துத்தான் போடுகிறேன். அம்மாவைக் கேட்டால், "நாங்கள் பழம் வெட்டிக் கொடுத்ததோடு சரி, மிச்சம் எல்லாம் அவதான்" என்கிறா. எதை மாற்ற வேண்டும்?

லண்டன் அடுப்படி:
அவணில் காற்றாடி ஓடுகிறதா? அந்த 300 பாரன்ஹீட்தான், கிட்டத்தட்ட 150 செல்சியஸ். ஆனால் அது காற்றாடி இல்லாத பழைய அவணுக்கான சூடு. காற்றாடி இருந்தால் 275 போதும்.

கல்லடி அன்ரி:
பிள்ளை, மூன்று விஷயம் சொல்லுங்கோ. சௌசௌ போத்தலில் வாங்கினதா? முட்டை எந்த அளவு? தகரம் எத்தனை அங்குலம்?

ஸ்காபரோ மகள்:
காற்றாடி ஓடுகிறது, அண்ணா. அன்ரி, சௌசௌவும் இஞ்சியும் போத்தல்தான், பாகோடு சேர்த்தே நிறுத்தேன். முட்டை கடையில் விற்கும் பெரிய முட்டை. தகரம் 8 அங்குல வட்டம், முக்கால்வாசிக்கு மேல் நிரம்பும்.

கல்லடி அன்ரி:
சரி, பிடிபட்டுவிட்டது. உங்கள் அம்மம்மா எழுதிய இரண்டு இறாத்தல், பாகு வடித்த பழத்தின் நிறை. எங்கள் வீட்டிலும் முதல் நாள் இரவே சௌசௌவையும் இஞ்சியையும் அரிதட்டில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்துவிடுவோம். காலையில் கிண்ணத்தில் இருக்கும் பாகைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். அவ்வளவும் கேக்குக்குள் போனால் நடு எப்படி வேகும்? வடித்த பிறகு துணியில் ஒற்றி, கடலைப்பருப்பு அளவுக்கு வெட்டுங்கோ. பெரிய துண்டு பாரத்தில் கீழே போகும். கஜுவையும் கையால்தான் வெட்ட வேண்டும். மிக்சியில் போட்டால் எண்ணெய் விட்டுக் கேக் பாரமாகும்.

அடுத்தது றவை. கோதுமை மா மாதிரி உடனே ஈரத்தைப் பிடிக்காது. நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, சூட்டோடேயே பட்டரைப் போட்டுப் பிசைந்து, மூடி இரவு முழுக்க விடுங்கோ. காலையில் விரலால் எடுத்துப் பார்த்தால் ஈர மணல் போல இருக்க வேணும். மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறி நுரைக்கும் வரை அடித்து, அதற்குள் இந்த றவையைச் சேர்ப்பது. பழமும் கஜுவும் அதன் பிறகு. வெள்ளைக்கருவைத் தனியாக அடித்துக் கடைசியில் மெல்லக் கலக்க வேண்டும்.

முட்டை: கனடாவில் பெரிய முட்டை என்றால் கோதோடு 56 கிராமாவது இருக்கும். அம்மம்மாவின் வளவில் நின்ற ஊர்க்கோழி முட்டை அதைவிட நல்ல சிறிது. மஞ்சட்கரு 10, வெள்ளைக்கரு 3 போதும்.

தகரம்தான் அடுத்த காரணம். இது உயரமாக எழும்பும் கேக் இல்லை. 9 அங்குலச் சதுரத் தகரத்தில் பரப்பினால் ஒன்றரை அங்குலம் சொச்சம் உயரம் நிற்கும், நடுவும் ஓரமும் சேர்ந்து வேகும். உள்ளே எண்ணெய்த்தாள் இரண்டு மடிப்பு, வெளியே பத்திரிகைத்தாளை நாலாக மடித்துச் சுற்றிக் கட்டுங்கோ. ஓரம் காயாது. மேல் பொன்னிறம் பிடித்ததும் ஒரு தாளால் மூடிவிடலாம்.

லண்டன் அடுப்படி:
அன்ரி சொன்னதோடு ஒன்று: ஈர்க்கால் குத்திப் பார்த்தால் இந்தக் கேக்கில் ஏமாற்றும், செர்ரியில் பட்டாலே ஒட்டிக்கொண்டு வரும். வெப்பமானி இருந்தால் நடுவில் 200 பாரன்ஹீட்டைத் தொட்டதும் இறக்குங்கள். நான் இப்போது மணித்தியாலக் கணக்கே பார்ப்பதில்லை.

ஸ்காபரோ மகள்:
அன்ரி, ஒவ்வொரு வரியாகக் கொப்பியில் எழுதிவிட்டேன். மிக்க நன்றி. இரண்டு கேள்வி. சூடாக இருக்கும்போதே வெட்டலாமா? பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் தீபாவளிக்குப் பலகாரம் தருவார்கள், நத்தாருக்கு நாங்கள் கேக் கொடுக்க வேண்டும். அவர்கள் பிராண்டி சேர்ப்பதில்லை.

கல்லடி அன்ரி:
சூட்டில் கத்தியே வைக்காதீங்கோ, உதிர்ந்துவிடும். தகரத்திலேயே முழுக்க ஆறவிட்டு, மேலே இரண்டு மேசைக்கரண்டி பிராண்டி தெளித்து, எண்ணெய்த்தாளில் சுற்றிப் பேணியில் வையுங்கோ. இரண்டு மூன்று கிழமை போனால்தான் கறுவாவும் பன்னீரும் பழத்தோடு சேரும். அப்புறம் சின்னத் துண்டாக வெட்டித் தாளில் மடிக்கலாம்.

அக்கா வீட்டுக்குத் தனித் தகரத்தில் போடுங்கோ. பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்து, ஊறாமல் மிஞ்சிய சாற்றை வடித்துவிடுங்கோ. பிராண்டி இல்லாததால் அது கன நாள் இருக்காது. நத்தாருக்கு இரண்டு நாள் முன்னம் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுங்கோ. எசன்ஸ் ஏதும் விடுவதென்றால் அதுவும் மதுசாரம் சேராததாகப் பார்த்து வாங்குங்கோ.