தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு ஏப்ரன்: பினாங்கு ஃப்ரீமேசன் லாட்ஜ் பற்றி அறிந்தவர்கள் கூறவும்

ஆயர்_ஈத்தாம்_பேரன்:
அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஒரு கம்பெனியில் பெரிய கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து 1968-இல் காலமான என் தாத்தாவின் தகரப் பெட்டியை, வீடு மாறும் வேளையில் சென்ற மாதம்தான் திறந்து பார்த்தோம். இரண்டு வேட்டிகளுக்கும் ஒரு பழைய பகவத் கீதைக்கும் அடியில், வெள்ளைத் தோலால் ஆன ஓர் ஏப்ரனும் (இடுப்பில் முன்புறமாகக் கட்டிக்கொள்வது) ஒரு குழுப்படமும் இருந்தன. படத்தில் வெள்ளைக்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் மூவர் என எல்லாரும் அதே மாதிரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மாதத்தில் ஒரு மாலை தாத்தா கறுப்புக் கோட்டு அணிந்து லாட்ஜுக்கு, அதாவது ஃப்ரீமேசன் என்ற ஆண்கள் சகோதரச் சங்கத்தின் கூட்டத்துக்கு, போவார் என்பது அப்பாவுக்கு நினைவிருக்கிறது. பாட்டிக்கோ அது கடைசிவரை பேய் வீடுதான். கணவர் வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) போய்விடுவாரோ என்று அஞ்சித் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதும் உண்டாம்.

என்னைக் குடைவது வேறொன்று. தாத்தா இறந்தபின் மாதந்தோறும் ஒரு சீனப் பெரியவர் வந்து, வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, ஒட்டிய உறை ஒன்றைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போவாராம். அப்பா இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை அது நிற்கவில்லை. அதற்கும் லாட்ஜுக்கும் தொடர்பு இருக்குமா? இது ரகசியச் சங்கமா? பினாங்குக்கு எப்போது வந்தது, என்ன செய்தது?

பழைய_ஏடு:
வணக்கம் தம்பி. உங்கள் பாட்டியை யாரும் குறை சொல்ல முடியாது. மலாய்க்காரர்களும் அந்தக் கட்டடங்களை ரூமா ஹந்து (பேய் வீடு) என்றுதான் சொல்லி வந்தார்கள். ஜன்னல்களை மூடிக்கொண்டு இரவில் கூடுகிறவர்களை ஊர் வேறெப்படிச் சொல்லும்?

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் இறங்கிய 23 ஆண்டுகளில், அதாவது 1809-இல், நெப்டியூன் என்ற லாட்ஜ் இங்கே தொடங்கிவிட்டது. மலாய்த் தீபகற்பப் பகுதியில் முதலாவது அதுதான். சிங்கப்பூரில் ஸெட்லண்ட் இன் தி ஈஸ்ட் 1845-இல்தான் வந்தது. நெப்டியூன் நிலைக்கவில்லை. அதிகாரிகளும் வணிகர்களும் மாற்றலாகிப் போகும் துறைமுகத்தில் ஒரு சங்கத்தை நடத்துவது எளிதல்ல. பின்னர் 1875-இல் ராயல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் லாட்ஜ், எண் 1555, இங்கே நிறுவப்பட்டது. கோலாலம்பூரின் ரீட் லாட்ஜ் 1889-ஐச் சேர்ந்தது. ஸெட்லண்ட் லாட்ஜில் முதன்முதலாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட சிங்கப்பூர் வணிகர் டபிள்யூ. எச். ரீட்டின் பெயரே அதற்கு. ஜப்பானியர் காலத்தில் லாட்ஜுகள் யாவும் முடங்கின.

நம்மவர் தொடர்பு புதிதன்று. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா 1770-களிலேயே திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தவர்.

ரகசியச் சங்கம் என்ற சொல்லைப் பினாங்கில் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பே கோங் என்ற இரு சீனக் கூட்டங்கள் ஜார்ஜ்டவுன் தெருக்களில் மோதியபோது, வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று பிரிந்து மலாய்க்காரர்களும் தமிழ் முஸ்லிம்களும் அவற்றின் பின்னால் நின்றார்கள். ஏறத்தாழப் பத்து நாள் கலவரம். இத்தகைய சங்கங்களை ஒடுக்க 1889-இல் சங்கங்கள் சட்டம் இயற்றிய அரசு, ஃப்ரீமேசன்களுக்கு விலக்கு அளித்தது. சத்தியம் செய்வது, சைகையால் அடையாளம் காண்பது, உறுப்பினரின் குடும்பத்தைத் தாங்குவது ஆகியவை இரு தரப்பிலும் இருந்தன என்பதையும், விலக்குப் பெற்ற தரப்பில்தான் அதிகாரிகளே உறுப்பினர்களாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த விலக்கு எப்படிக் கிடைத்தது என்பது விளங்கும்.

மூன்றாம்_படி:
வணக்கம் ஐயா. நான் பல ஆண்டுகளாக ஒரு லாட்ஜில் உறுப்பினன் என்பதால், வெளியில் சொல்லத்தக்கவற்றைச் சொல்கிறேன். உண்மையில் சொல்லக்கூடாதவை மிகக் குறைவு.

லாட்ஜ் என்பது கட்டடத்தின் பெயரன்று, கூடுகிறவர்களின் பெயர். கடவுள் நம்பிக்கை உள்ளவரா என்று கேட்பார்கள்; எந்தக் கடவுள் என்று கேட்க மாட்டார்கள். உறுதிமொழியை அவரவர் தம் மறைநூலின் மீது எடுக்கலாம். பெட்டியில் கீதை இருந்ததற்கு அது காரணமாக இருந்திருக்கக்கூடும். லாட்ஜுக்குள் மதத்தையும் அரசியலையும் விவாதிப்பதற்குத் தடை உண்டு.

அந்த உறை பற்றி: ஒவ்வொரு லாட்ஜிலும் அல்மோனர் என்றொரு பொறுப்பாளர் இருப்பார். நோயுற்ற உறுப்பினர்கள், இறந்தவர்களின் மனைவி மக்கள் ஆகியோரின் நிலையைக் கவனிப்பதே அவர் வேலை. கூட்டத்தில் தருமப் பை சுற்றி வரும்; யார் எவ்வளவு போட்டார் என்பது தெரியாது, யாருக்குப் போகிறது என்பதும் பேசப்படாது. வாங்குபவருக்குக் கூச்சம் வரக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. உங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் அல்மோனராக இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லண்டனில் ஃப்ரீமேசன்கள் 1788-இலேயே நலிந்த உறுப்பினர்களின் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். ஆகவே படிப்புச் செலவு பழைய அக்கறை.

புதிதாகச் சேர்பவரிடமிருந்து சடங்குக்கு முன் காசு, மோதிரம், கடிகாரம் என உலோகம் அனைத்தையும் வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு அவரை அறையின் வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். அவர் வெறுங்கையுடன், இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். நான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை.

அந்த ஏப்ரனைக் கவனித்துப் பாருங்கள். இங்கிலாந்து முறை லாட்ஜானால், வெறும் வெள்ளைத் தோல் முதற்படி. கீழே இரண்டு வான்நீலப் பூமுடிச்சுகள் இருந்தால் இரண்டாம் படி. நீலக்கரையும், மேல்மடிப்பில் மூன்றாவது பூமுடிச்சும், இருபுறமும் ஏழேழு வெள்ளிச் சங்கிலிகளும் இருந்தால் மூன்றாம் படியான மாஸ்டர் மேசன். பூவுக்குப் பதிலாகத் தலைகீழான ஆங்கில 'T' போன்ற வெள்ளித் துண்டுகள் இருந்தால் லாட்ஜின் தலைவராக இருந்தவர். ஸ்காட்லாந்து முறையில் ஒவ்வொரு லாட்ஜுக்கும் தனி நிறம். மாஸ்டர் மேசனுக்கு லண்டனிலிருந்து ஒரு சான்றிதழ் வரும். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்திட்டிருப்பார், லாட்ஜின் எண்ணும் அதில் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
எல்லாம் சரி, ஆனால் அந்த முறையில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டுமல்லவா? பணம் வாங்கிய பாட்டிக்கு அது எங்கிருந்து வந்தது என்று கூடத் தெரியவில்லை. இதைக் கண்ணியம் என்பதா, மறைப்பு என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. தவிர, அங்கே நுழைய முடிந்தவர்கள் கோட்டு வாங்க முடிந்தவர்கள். கோலாலம்பூர் செந்தூலில் 1914-இல் தொடங்கிய தமிழர் உடற்பயிற்சிச் சங்கமும், தோட்டந்தோறும் நம்மவர்கள் வெள்ளிக்காசு போட்டு நடத்திய மரண சகாய நிதிகளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அந்த வேலைகளைச் செய்தன.

மூன்றாம்_படி:
அக்கா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மறைத்துக் கொடுப்பதால் வந்த வினைதான் பேய் வீடு என்ற பெயரும். இப்போதெல்லாம் லாட்ஜுகள் நன்கொடை விவரங்களை ஓரளவு வெளியிடுகின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சியே.

ஆயர்_ஈத்தாம்_பேரன்:
அனைவருக்கும் நன்றி. மூன்று பூமுடிச்சுகள், நீலக்கரை. சங்கிலிகள் ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஆறு. ஏழாவது அறுந்து மடிப்புக்குள் கிடந்தது. குழுப்படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் நிற்கும் ஒரு சீனரின் மேல் விரலை வைத்து, "இவர்தான் வாசலுக்கு வருபவர், அப்போது தலை நரைத்திருந்தது" என்றார். சான்றிதழை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.