குஞ்சு இரத்தமாகக் கழியுது, பெட்டை கழுத்தைத் திருகுது: ஒரே நோயா?

புதுவயல் கொல்லை:
சிறுவிடைக் கோழிகள், காரைக்குடி பக்கம். மழை விடாததால் எல்லாம் கூட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. 5 வாரக் குஞ்சுகளில் மூன்று இறக்கையைத் தொங்கப்போட்டுக் கூம்பி நிற்கின்றன, எச்சத்தில் இரத்தம். சந்தையில் வாங்கிய பெட்டை ஒன்றுக்குப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது, கழுத்தும் திருகிவிட்டது. எல்லாவற்றுக்கும் டெட்ராசைக்ளின் (ஆன்டிபயாட்டிக்) பொடியைத் தண்ணீரில் கலந்து வைக்கலாமா?

மானகிரி அண்ணன்:
வேண்டாம் தம்பி. இரண்டும் வேறு வேறு நோயாகத்தான் தெரியுது.

குஞ்சுக்கு இரத்தக்கழிச்சல். எச்சத்தை வெள்ளைத் தாளில் வாங்கிப் பாருங்க. நல்ல கோழியும் இடையிடையே காப்பி நிறத்தில் களிம்பு மாதிரி எச்சம் போடும், அது நோயில்லை. செக்கச்செவேலென இரத்தம், கூடவே கொண்டை வெளிறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மருந்து ஆம்ப்ரோலியம் 20% பொடி: 5 லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம், 5 நாள். தராசில் நிறுத்துப் போடுங்க, கண்ணளவு வேண்டாம். தினமும் புதிதாகக் கலக்கணும், வேறு தண்ணீர் எங்கேயும் இருக்கக்கூடாது. வாளியில் தேங்கிய மழைத்தண்ணியைக் குடித்தால் மருந்து வீண். பிறகு ஒரு வாரம் 5 லிட்டருக்கு 1.5 கிராம். அந்த நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு கொடுக்காதீங்க. அதில் தயமின் (பி1 வைட்டமின்) இருக்கு; கிருமிக்கு அது கிடைக்காமல் செய்வதுதான் இந்த மருந்தின் வேலை. நீங்களே தயமினை ஊற்றினால் மருந்து வேலை செய்யாது.

ஈரப்படுக்கையை மொத்தமாக அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்க. பினாயிலுக்கு இந்தக் கிருமியின் முட்டை சாகாது. ஈரமில்லாமல் காயவிடுவதும் வெயிலும்தான் அதற்கு மருந்து.

பள்ளத்தூர் வளவு:
பெட்டைக்கு நீங்கள் சொல்லும் குறிகள் வெள்ளைக்கழிச்சலுக்கே பொருந்தும், அதாவது ராணிக்கெட். இது வைரஸ், எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. உடனே அதன் மேல் பட்ட காற்று மற்றக் கோழிகள் பக்கம் வீசாத இடத்தில், தனிக்கூட்டில் வையுங்கள். அதற்குத் தீனி வைப்பது கடைசியாக இருக்கட்டும், செருப்பும் தனி. இறந்தால் வயிற்றைக் கீறிப் பார்க்காதீர்கள். அடுத்தடுத்துச் செத்தாலோ முகம் வீங்கிக் கொண்டை நீலம் பாய்ந்தாலோ பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டுக் கையுறை போட்டு ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

புதுவயல் கொல்லை:
நன்றி அண்ணே. மற்றக் கோழிகளுக்கு இன்றே தடுப்பூசி போட்டுவிடலாமா?

பள்ளத்தூர் வளவு:
நோய்க்குறி இருப்பவற்றுக்கும், இரத்தக்கழிச்சலில் தளர்ந்த குஞ்சுகளுக்கும் கூடாது. மற்றவற்றில் சில ஏற்கெனவே கிருமியை வாங்கியிருக்கலாம். ஊசி போட்ட பின் செத்தால் பழி ஊசி மேல்தான் விழும். கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்வதே சரி.

அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு 5-7ஆம் நாளில் லசோட்டா அல்லது எஃப் (இரண்டும் ராணிக்கெட் தடுப்பு மருந்து) கண்ணில் ஒரு சொட்டு, 4ஆம் வாரம் மறுபடி லசோட்டா, 8ஆம் வாரம் ஆர்2பி என்ற வீரியம் கூடிய ராணிக்கெட் தடுப்பூசி 0.5 மில்லி இறக்கைக்கடியில் தோலுக்குக் கீழ். ஆர்2பியைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே முடக்கிவிடும். மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, கரைத்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அரசு பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள்.

மானகிரி அண்ணன்:
சந்தைக் கோழியை மூன்று வாரமாவது தனியே கட்டிவைத்த பிறகே கூட்டத்தில் விடுங்க தம்பி. பிழைத்த கோழிக்கும் கழுத்துத் திருகல் நெடுநாள் நிற்கும். தானாக இரை பொறுக்காது, தவிட்டைப் பிசைந்து ஊட்டணும்.