ஸ்விஃப்ட் காருக்கு ஃபிகோ அலாய் வீல்: துளை நான்குதான், ஆனால் ஏற மறுக்கிறது

காட்பாடிவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் இருக்கிறது. கம்பெனி கொடுத்த இரும்பு வீல்களோடுதான் இதுவரை ஓடியது. சென்ற வாரம் ஆற்காட்டில் ஒருவரிடம் 14 அங்குல அலாய் வீல்கள் நான்கை டயரோடு சேர்த்து 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். அவை பழைய ஃபோர்டு ஃபிகோ ஒன்றிலிருந்து கழற்றியவை. இரண்டு காருக்கும் நான்கு நட்டுதானே என்று அளந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

டயர் கடையில் ஏற்றிப் பார்த்தபோது ஒரு ஸ்டட் (நட்டு முறுக்குவதற்காகக் காரில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையாணி) துளைக்குள் நுழைந்தால் எதிர்ப்பக்கத்து ஸ்டட் துளையின் விளிம்பில் இடிக்கிறது. கடைக்காரர் இரண்டு வழிகள் சொல்கிறார். ஒன்று, லேத் பட்டறையில் கொடுத்துத் துளைகளை உட்பக்கமாக நீள்வட்டமாக அறுத்துக்கொள்வது; இதற்கு நான்கு வீல்களுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் ஆகும் என்கிறார். மற்றொன்று, இடையில் அடாப்டர் தகடு வைப்பது. பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு ஏலகிரி செல்லவிருப்பதால் அதற்குள் முடிக்க விரும்புகிறேன். இவ்விரண்டில் எது பாதுகாப்பானது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை டர்னர்:

தம்பி, சிப்காட்டில் முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்றவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த 1,200 ரூபாய் வேலையை எந்தப் பட்டறையிலும் செய்யச் சொல்லாதீர்கள்.

துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டத்தைத்தான் பி.சி.டி. என்கிறோம். ஸ்விஃப்டுக்கு அது 4×100, அதாவது நான்கு துளை, 100 மி.மீ. விட்டம்; ஃபிகோவுக்கு 4×108. அதாவது ஒவ்வொரு துளையும் தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 4 மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது. நூலில் படித்ததை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். வீலில் எதிரெதிராக உள்ள இரண்டு துளைகளில் ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை அளந்தால் அதுவே மையத்துக்கு மையம். காரின் ஹப்பில் (வீல் வந்து பொருந்தும் சுழல் பகுதியில்) எதிரெதிர் ஸ்டட்டுகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, அதிலிருந்து ஸ்டட்டின் கனமான 12 மி.மீட்டரைக் கழிக்க வேண்டும். (ஐந்து துளை வீலில் எதிர்த்துளை கிடையாது. அடுத்தடுத்த இரு துளைகளின் மையத் தொலைவை 1.701ஆல் பெருக்கினால் விடை வரும். இன்னோவா வீலில் 67.2 வரும், பெருக்கினால் 114.3.)

இனி, ஏன் அறுக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். காரின் எடையை ஸ்டட் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் இழுபட்டு, வீலின் முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் வீலை அசையாமல் வைத்திருக்கிறது. நட்டின் கூம்பு வடிவ முனை, துளையின் வாயில் அதே கோணத்தில் கடைந்திருக்கும் இருக்கையில் சுற்றிலும் முழுமையாகப் பதிந்தால்தான் அந்த அழுத்தம் குறையாமல் நிற்கும். துளையை 4 மி.மீ. இழுத்து அறுத்துவிட்டால் கூம்பு உட்காருவதற்கு ஒரு பக்கம் உலோகமே இருக்காது. நட்டு இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும், ஆனால் பிறை வடிவமாக ஓர் ஓரத்தில் மட்டுமே பிடித்திருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் அந்த ஓரம் நசுங்கி நட்டு தளர்ந்துகொண்டே போகும்.

பழைய துளைகளை வெல்டிங்கில் அடைத்துப் புதிதாகத் துளையிடலாம் என்று நாளை இன்னொருவர் சொல்லக்கூடும். அலாய் வீலை வார்த்தபின் சூடாக்கி, குளிர்வித்து, பதப்படுத்திய பிறகே அதற்குப் பலம் கிடைக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அதுவும் நட்டு இறுக்கும் இடத்திலேயே.

காட்பாடிவாசி:

மிக்க நன்றி ஐயா. அளந்து பார்த்தேன். வீலில் சரியாக 108. ஸ்டட்டுகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே 112, பன்னிரண்டைக் கழித்தால் 100. மேலும் ஒன்றைக் கவனித்தேன். ஸ்விஃப்ட் ஹப்பின் நடுமேடு ஃபிகோ வீலின் நடுத்துளைக்குள் மிகவும் தொளதொளவென்று ஆடுகிறது.

குடியாத்தம் பயணி:

உங்கள் வீல் ஏறவே மறுத்தது உங்கள் நல்ல காலம் என்றே சொல்வேன். என்னுடையது ஏறியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய ஆக்சென்ட் காருக்கு ஃபியட் பாலியோவின் வீல்களை மலிவாக வாங்கினேன். ஆக்சென்ட் 4×100, பாலியோ 4×98. துளைக்கு 1 மி.மீ.தான் வித்தியாசம் என்பதால் வீல் ஸ்டட்டுகளின்மேல் சற்று உரசிக்கொண்டே ஏறிவிட்டது. முதல் நட்டு எளிதாக அமர்ந்தது. மற்ற மூன்றையும் ஸ்பேனரில் குழாய் செருகி ஏறி மிதித்து இறுக்கினார்கள். இறுக்கம் நல்லதுதானே என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முந்நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் 80க்கு மேல் போனால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. இருமுறை பேலன்சிங் செய்தும் தீரவில்லை. ஒருநாள் வேலூரிலிருந்து திரும்பும்போது பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால், முன் இடது பக்கத்திலிருந்து டக் டக் என்று ஓசை கேட்டது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டுகள் கையாலேயே சுழன்றன. ஒரு ஸ்டட் வேரோடு முறிந்து, நட்டோடு சேர்ந்து எங்கோ சாலையில் விழுந்திருந்தது. முறிந்த முகத்தைப் பார்த்த மெக்கானிக், பாதிக்குமேல் கறுத்தும் மீதி மட்டும் பளபளவென்றும் இருப்பதைக் காட்டினார். வளைந்து வளைந்து பல நாள் விரிசல் விட்டிருந்து, கடைசிச் சிறு பகுதி மட்டுமே அன்று முறிந்திருக்கிறது.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. வாங்கி வந்தவன் நான்தான்.

சத்துவாச்சாரி:

டர்னர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடாப்டரை ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நல்ல அடாப்டர் என்பது வெறும் தகடு அல்ல. அது காரின் ஸ்டட்டுகளில் தனி நட்டுகளால் இறுகி, ஹப்பின் மேட்டில் பிசகாமல் அமர்ந்து, வீலுக்கென்று தன் சொந்த ஸ்டட்டுகளைக் கொண்டிருக்கும். 100, 108 இரண்டும் நெருங்கிய அளவுகள் என்பதால் புதிய ஸ்டட்டுகளைப் பழையவற்றுக்கு நடுவே 45 டிகிரி திருப்பி அமைத்திருப்பார்கள். பலமான அலுமினியக் கலவையில் துல்லியமாகக் கடைந்தது என்றால் வேலை செய்யும்.

ராணிப்பேட்டை டர்னர்:

துல்லியமாகக் கடைந்தது என்றால் சரி. நம் ஊர்ப் பட்டறையில் இரும்புத் தகட்டில் கண்ணளவாகத் துளையிட்டுத் தருவதையும் அடாப்டர் என்றுதான் விற்கிறார்கள், அதுதான் சிக்கல். மேலும், தம்பி நடுத்துளையைப் பற்றிச் சொன்னது சரியான கவனிப்பு: அதன் விட்டம் ஃபிகோவுக்கு 63.4 மி.மீ., ஸ்விஃப்டுக்கு 54.1 மி.மீ.

நல்ல அடாப்டரே கிடைத்தாலும் அதன் கனம் 20 மி.மீட்டருக்குக் குறையாது. வீலில் ஆஃப்செட் (வீலின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள மி.மீ. தொலைவு) 40 என்று பொறித்திருந்தால் அது 20 ஆகிவிடும். வீல் அவ்வளவும் வெளியே தள்ளி நிற்கும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறியபின் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்று மலையில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

டயர் அளவையும் பாருங்கள். பழைய ஃபிகோவில் 175/65 ஆர்14, உங்கள் காரில் 165/80 ஆர்14 என்றால் விட்டத்தில் சுமார் 36 மி.மீ. குறைவு. கார் 18 மி.மீ. தாழும்; ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 94இல்தான் போவீர்கள். ஒரு வீலுக்காக இத்தனை ஒட்டுப்போட வேண்டியதில்லை. ஃபிகோ வைத்திருப்பவரிடம் விற்றுவிடுங்கள்.

காட்பாடிவாசி:

வாலாஜாவில் ஒரு ஃபிகோக்காரருக்கு 14,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். இப்போது 4×100 அளவிலேயே புதிய வீல்கள் பார்த்திருக்கிறேன். நடுத்துளை 67.1, வளையம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். நட்டு எதுவானாலும் சரியா?

ராணிப்பேட்டை டர்னர்:

வெளிவட்டம் 67.1, உள்வட்டம் 54.1 உள்ள வளையமாகக் கேட்டு வாங்குங்கள். வீல் நடுவில் அமர அது உதவும். நட்டு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மாருதி ஸ்டட் எம்12, அதாவது 12 மி.மீ. கனம்; மரைப்புரி இடைவெளி 1.25 மி.மீ. கடைகளில் அதிகம் கிடைப்பது 1.5. அது இரண்டு சுற்று ஏறிப் பிறகு சிக்கும், அப்போது ஸ்பேனரைப் போட்டால் மரை அழிந்துவிடும். முனை கூம்பா உருண்டையா என்பதும் வீலின் இருக்கையோடு பொருந்த வேண்டும். முதலில் விரலாலேயே சுற்றி எண்ணுங்கள். ஸ்டட்டின் கனம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், அதாவது 12 மி.மீட்டருக்கு ஏறத்தாழ பத்துச் சுற்று. டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரில்), கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

காட்பாடிவாசி:

இன்று மாட்டியாயிற்று. கடைக்காரர் கையில் ஏர் கன்னை எடுத்தபோது நிறுத்தி, பதினாறு நட்டுகளையும் விரலாலேயே சுற்றினேன். பத்தரைச் சுற்று ஏறுகிறது ஐயா.