குடல், கல்லீரல் டாக்டராக எந்த வழி? டி.எம்.மா, எம்.சிஎச்.சா?

கேள்வி: ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போறேன். கேஸ்ட்ரோ பக்கம் ஆசை. எத்தனை வருஷம் ஆகும்? கையில என்ன வேலை பழகணும்?

பதில் 1: முதல்ல ஜெனரல் மெடிசின் எம்.டி. 3 வருஷம். அப்புறம் நீட் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) எழுதி டி.எம். (ஆபரேஷன் இல்லாத சிறப்பு மருத்துவப் படிப்பு) இன்னொரு 3. ஆபரேஷன்தான் வேணும்னா எம்.எஸ். சர்ஜரி, அதுக்கு மேல எம்.சிஎச். (அறுவை சிகிச்சைச் சிறப்புப் படிப்பு). எண்டோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டு உள்ளே பார்க்கறது) பண்றவர் எல்லாம் சர்ஜன்னு நினைச்சுடாதீங்க.

பதில் 2: கொலனோஸ்கோப்பியில (பெருங்குடலைக் கேமரா குழாயால பார்க்கறது) சீக்கம், அதாவது பெருங்குடலோட ஆரம்பப் பகுதி வரை போனா மட்டும் பத்தாது. வெளியே எடுக்கறப்ப குறைஞ்சது 6 நிமிஷம் நின்னு பார்க்கணும். அவசரப்பட்டா மடிப்புக்குப் பின்னாடி இருக்கற பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) தப்பிடும். கஷ்டமானது ஈ.ஆர்.சி.பி., அதாவது ஸ்கோப் வழியா பித்தக்குழாய்க்குள்ள ஒயர் விட்டுச் செய்யற சிகிச்சை. ஒயர் பித்தக்குழாய்க்குப் பதிலா கணையக்குழாய்க்குள்ள திரும்பத் திரும்பப் போனா கணைய அழற்சி வரும். அதைக் குறைக்கத்தான் ஆசனவாய் வழியா டைக்ளோஃபெனாக் (அழற்சி குறைக்கற மருந்து) 100 மி.கி. வைக்கறது.

பதில் 3: ஸ்கோப் மோகத்துல வார்டை விட்டுடாதீங்க தம்பி. சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கித் தழும்பாகற நோய்) நோயாளிக்கு வயித்துத் தண்ணி 5 லிட்டருக்கு மேல எடுத்தா, எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6–8 கிராம் ஆல்புமின் (ரத்தப் புரதம்) ஏத்தணும். 8 லிட்டர்னா 20 சதவீத 100 மி.லி. பாட்டில் மூணு. விலையைப் பார்த்து விட்டா ரத்த ஓட்டம் குலைஞ்சு கிட்னி அடி வாங்கும். எடுத்த தண்ணியை லேபுக்கு அனுப்பாம கொட்டறது அதைவிடத் தப்பு: அதுல நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) கன மில்லிமீட்டருக்கு 250ஐத் தொட்டாலே தொற்றுன்னு எடுத்துக்கிட்டு, கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவு வர்றதுக்குக் காத்திருக்காம ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கணும்.

கேள்வி கேட்டவர்: நன்றிண்ணே. கல்லீரலுக்கு மட்டும் தனி டி.எம். இருக்கா?

பதில் 1: இருக்கு, ஹெப்பட்டாலஜி. டெல்லி ஐ.எல்.பி.எஸ்.ல (கல்லீரல் சிகிச்சைக்கான அரசு நிறுவனம்) உண்டு. ஆனா சீட்டு கொஞ்சம்தான்.