பழைய தெருப் படங்களில் நிற்கும் லாரிகளும் கார்களும்: மலைக்காரர்கள் அனுபவம்

லவ்டேல்காரன்:
ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை. சுவரில் சேரிங்கிராஸ் ஆடம் பவுண்டன் படம், கறுப்பு வெள்ளை. இந்த மாதிரிப் படத்தை நீங்கள் எல்லோரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். இதில் பவுண்டனுக்கு முன்னால் ஒரு மூக்கு லாரி, உருளைக்கிழங்கு லோடு. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், சக்கரத்துக்கு அடை கொடுக்கும் கட்டையோடு கிளீனர் பையன். படத்துக்குக் கீழே யாரோ வெள்ளை பெயின்டில் 1948 என்று எழுதியிருந்தார்கள்.

போனில் படம் எடுக்கப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து பவுண்டன் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். லாரியை மட்டும் பார்ப்பதற்காம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பையன் புதுசுங்க தம்பி" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "கட்டையை ரெண்டு கையிலயும் புடிச்சிருக்கான் பாருங்க. பழகுனவன் ஒத்தக் கையிலதான் வச்சிருப்பான். மேட்டுல வண்டி பின்னால நழுவுனா குதிச்சுக் கட்டை போடோணும், வண்டி கிளம்புனதும் ஓடிப் போய்த் தொத்தோணும். அதுக்கு ஒரு கை வேணுமில்லீங்க?"

நீங்கள் கிளீனராக இருந்தீர்களா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கூடவே போய்ப் பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அந்தப் பையன் அவரேதானா, அல்லது அவருக்குக் கீழே வேலை பழகியவனா?

மூஞ்சிக்கல்:
எங்களுக்கு இது கொடைக்கானலில், ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் நடந்தது. பஜார் ரோடு படம், சுவர் முழுக்கப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பனி, ஓட்டுக் கூரைகள், குடை பிடித்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். இடது ஓரத்தில் பாதி லாரி. முன்பக்கம் மட்டும்தான் படத்தில் இருக்கிறது, மீதி வெட்டுப்பட்டுவிட்டது.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். "டேய், இது நம்ம வண்டிடா. மட்கார்டுல கம்பி கட்டியிருக்கு பாரு, எங்கப்பா கட்டுனது." யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட டிஸ்போசல் லாரி அது, சப்பை மூக்கு செவர்லே. தாத்தா அதில்தான் தோல் பதனிடுவதற்கான வாட்டில் மரப்பட்டை ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தார். படத்தில் டிரைவர் பக்கத்து ஜன்னலில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. முகம் இல்லை.

அம்மா ரிசப்ஷன் பையனிடம் போய், "தம்பி, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டார். அவன் ரூம் கேட்கிறார் என்று நினைத்து, ஏரி பார்த்த மாதிரி ஒன்று காலி என்றான்.

அலங்காரம் செய்தவர்கள் எங்கிருந்தோ வாங்கி மாட்டியது, எங்களுக்குத் தெரியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நகல் கேட்டதற்கும் முடியாது என்றார். போனில் எடுத்தேன், ரிசப்ஷன் டியூப்லைட் வெளிச்சம் சரியாக முழங்கை மேல் விழுந்திருக்கிறது.

கியர்பாக்ஸ்:
லவ்டேல்காரரே, அந்த லாரியின் மூக்கில் என்ன சின்னம் இருந்தது? மூன்று முனை நட்சத்திரம் என்றால் 1948 என்பது சுத்தப் பொய். டாட்டா பென்ஸ் லாரி 1954-இல்தான் வந்தது. 1969-இல் ஜெர்மன்காரனோடு ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் போய் டாட்டாவின் 'T' எழுத்து வந்தது. 1948-இல் இந்த மலையில் ஏறியது செவர்லே, போர்டு, டாட்ஜ், பார்கோ, பெட்போர்டு. லேலண்ட் என்று சொல்லிவிடாதீர்கள். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-இல் ஆரம்பித்தபோது ஆஸ்டின் கார் பூட்டினார்கள். கம்பெனிக்கு அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது 1955-இல்.

இன்னொன்று. படத்தில் பஸ் இருந்தால் பக்கவாட்டில் எழுதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரைப் பாருங்கள். நம் பக்கம் 'சேரன்' என்றிருந்தால் 1972-க்கு அப்புறம், கொடைக்கானல் பக்கம் 'பாண்டியன்' என்றிருந்தாலும் அப்படித்தான். கார் என்றால் முன் கிரில். அம்பாசடர் மார்க் 2 சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும், அது 1962-இல் வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961. இதெல்லாம் பார்க்காமல் பிரேம் போடுகிற கடைக்காரர் எழுதுகிற வருடத்தை நம்பிக் கண் கலங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. என் அனுபவம் என்றால், ஒரு கல்யாண மண்டபத்தில் '1930 ஊட்டி' என்று மாட்டிய படத்தில் பத்மினி கார் பார்த்தேன். சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

லவ்டேல்காரன்:
நட்சத்திரம்தான். ஆனால் நான் வருடத்தைப் பற்றிப் பேசவே இல்லையே.

கோத்தகிரி டீத்தூள்:
கியர்பாக்ஸ் சொல்வது பாதிதான் சரி. லாரியை வைத்து "இதற்கு முன்னால் எடுத்த படம் இல்லை" என்று சொல்லலாம், "இந்த வருடம்" என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றிய நட்சத்திர லாரிகள், நட்சத்திரம் உதிர்ந்த பிறகும் வருடக்கணக்கில் ஓடின. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஏற்றிப் போனதில் எந்த வண்டிக்கு எந்த வண்டியின் மூக்கு மாட்டியிருந்தது என்று டிரைவருக்கே தெரியாது.

குன்னூர் அக்கா:
எங்கள் வீட்டில் ஒரு படம். சிம்ஸ் பார்க் வாசலில் அம்பாசடர் பானெட் மேல் ஒரு கையை ஊன்றி அப்பா நிற்பார், கூலிங் கிளாஸோடு. கார் எங்களுடையது இல்லை. எங்களிடம் சைக்கிள்கூடக் கிடையாது, குன்னூரில் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்து வீட்டு மாமா ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தார், பிலிம் சுருள் அவர் கொடுத்தது. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967-இல், அதனால் அதற்குப் பிந்திய படம். கியர்பாக்ஸ் கவனிக்கவும், கிரில் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்குப் பின்னால், கொஞ்சம் கலங்கலாக, ஒரு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். யாரோ டூரிஸ்ட் என்று நினைத்திருந்தோம். தம்பி கல்யாணத்தில் பழைய படங்களை ஒரு பலகையில் ஒட்டி வைத்தோம். பெண் வீட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதன் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். "அந்த ஓடி வர்ற ஆளு நான்தான் கண்ணு. எஸ்டேட் வண்டி அது. அன்னைக்குத்தான் பாலிஷ் போட்டிருந்தேன். அஞ்சு வெரலும் அப்படியே பதிஞ்சிருச்சு. தொரைகிட்ட நான் பேச்சு வாங்குனேன்."

இத்தனை வருடம் கழித்தும் குரலில் எரிச்சல் போகவில்லை. அப்பா இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து பந்திக்குப் போய்விட்டார், முதல் பந்திக்கு இலையே போட்டிருக்கவில்லை.

பழைய ஆல்பம்:
என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் என் மாமா ஒரு ஹெரால்டு காரோடு. ஹெரால்டில் முன்பக்கம் முழுசும் ஒரே மூடியாக முன்னால் சாயும், அதைத் திறந்து வைத்து இன்ஜினுக்குள் தலையை விட்டிருப்பார். முதுகு மட்டும் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலை ஈரத்தில் இந்தப் படங்கள் நிற்காது. லாமினேஷன் மட்டும் செய்து தொலைக்காதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், மேல் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐக்குக் குறையாமல். போனில் எடுப்பதென்றால் பிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, நீங்கள் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு எடுங்கள், பிரதிபலிப்பு வராது. மூஞ்சிக்கல் தம்பி இதைச் செய்திருந்தால் முழங்கை தெரிந்திருக்கும். பின்பக்கம் பேனாவில் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சில் போதும். செல்லோ டேப் கூடவே கூடாது. சுவரில், அதுவும் வெளிச்சுவரில், மாட்டாதீர்கள். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தால் வெள்ளிப்பூச்சி வரும், மேல்தட்டில் வையுங்கள்.

மூஞ்சிக்கல்:
ஓட்டல் ரிசப்ஷனில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா அண்ணே?

பர்லியாறு:
அறிவுரைக்கு நன்றி, யாரும் கேட்கவில்லை. மாமா கதையை இன்னும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். அந்த வண்டி கிளம்பியதா இல்லையா?

என் கதை. குன்னூர் பஸ் ஸ்டாண்டு படம் ஒன்று, அதில் அசோக் லேலண்டின் கோமெட் லாரி ஒன்று, கதவில் ஒரு மண்டியின் பெயர் கொட்டை எழுத்தில். பெரியப்பா ஓட்டிய வண்டி. எந்த கியரில் ஏறுகிறாயோ அந்த கியரில்தான் இறங்கணும் என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவர். வண்டி கைமாறிக் கைமாறி மேட்டுப்பாளையத்தில் உடைப்புக்குப் போனது என்று தெரியும். அந்த உடைப்புக் கடைக்காரர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

கோழிக்கூண்டு. அதற்குக் கதவு, லாரியின் இடது கதவு. பச்சை பெயின்ட் உரிந்த இடத்தில் மண்டிப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள். கைப்பிடியைத் திருகினேன், திறந்தது. உள்ளே இருந்த கோழி என்னைத் தாண்டி ஓடியது, அதைப் பிடிக்க அவர் பேரனோடு நானும் சந்து முழுக்க ஓட வேண்டியதாயிற்று. பெரியப்பா வண்டியின் கதவைப் பற்றி என்ன நினைத்தேன் என்று வீட்டில் கேட்டார்கள். கோழியைப் பற்றித்தான் நினைத்தேன்.

விலைக்குக் கேட்டேன். "கோழிக்கு வேற கதவு போட்டுக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

கியர்பாக்ஸ்:
மண்டிப் பெயர் இருந்தால் அதே வண்டியாகிவிடுமா? அந்த மண்டிக்கு எத்தனை லாரி இருந்தது? கோமெட்டுக்குக் கம்பெனியிலிருந்து சேசிஸ், அதாவது அடிச்சட்டம்தான் வரும், கேபினும் கதவும் வெளியே பட்டறையில் கட்டுவது. ஒரே பட்டறையில் கட்டிய கதவெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரியப்பா வண்டியில் கைப்பிடி எந்தப் பக்கம் திருகும் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு படத்தையும் பெரிதாக்கிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பர்லியாறு:
படத்தில் தெரிவது வலது கதவு சார்.