வால் வீசும் பக்கம்

தம்பி (காலை 10:12): பங்க் வாசலுக்கு வெளியே ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். டிரெய்லரில் இரும்பு உத்திரம். அகலம் 3.6 மீட்டர், தரையிலிருந்து உயரம் 4.6 மீட்டர். பின் அச்சுக்கு அப்பால் 5 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. டீசல் கால் டேங்குக்கும் கீழே. உள்ளே விடலாமா, பெரியப்பா?

பெரியப்பா (10:14): எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கு. உள்ளே போவதை விடு, வெளியே எப்படி வருவாய்? கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்.

தம்பி (10:21): நடந்து பார்த்துவிட்டேன். லாரிகளுக்கான ஓர வரிசை நேராகப் போகிறது. முடிவில் இடப்பக்கம் திரும்பித்தான் சாலையில் ஏற வேண்டும். அந்த இடது மூலையில் ஒரு கார் நிற்கிறது. வலப்பக்கம் ஒரு விளக்குக் கம்பம்.
[படம்]

பெரியப்பா (10:22): காரைப் பார்த்தவுடனே பயந்திருப்பாய். நான் அந்தக் கம்பத்துக்குத்தான் பயப்படுகிறேன்.

நான் (10:23): இடப்பக்கம் திரும்புகிற வண்டி வலப்பக்கக் கம்பத்தில் எப்படிப் பெரியப்பா இடிக்கும்?

பெரியப்பா (10:25): ஒரு ஸ்கேலை மேசைமேல் வை, அம்மா. பின்முனையிலிருந்து கால் பங்கு தள்ளி ஒரு விரலால் அழுத்திக்கொள். அதுதான் பின் அச்சு. இப்போது முன்முனையை இடப்பக்கம் தள்ளு.

நான் (10:26): பின்முனை வலப்பக்கம் போகிறது!

பெரியப்பா (10:26): அதுதான் வால் வீச்சு. அச்சுக்குப் பின்னால் எவ்வளவு அதிகமாக நீட்டியிருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக வீசும். ஓட்டுநர் உள்மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அடி விழுவது மறுபக்கம்.

அண்ணன் (10:29): உள்மூலைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். டிரெய்லரை லாரியோடு மாட்டுகிற இணைப்பு ஊசியிலிருந்து பின் அச்சுக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஊசி 15 மீட்டர் ஆரத்தில் முழு வட்டம் சுற்றினால், பின் அச்சு 9 மீட்டர் ஆரத்தில்தான் சுற்றும். 6 மீட்டர் உள்ளே வந்துவிடுகிறது! கால் வட்டத் திருப்பத்தில் அவ்வளவு வராது. வருகிற வரைக்குமே அந்தக் காருக்கு ஆபத்துதான்.

தம்பி (10:31): அப்படியானால் நேராகப் போகிற வரை போய், கடைசியில் ஒரே ஒடிப்பாக ஒடித்துவிடட்டுமா? கார் தப்பிவிடும்.

பெரியப்பா (10:34): கூடாது. திடீரென்று ஒடித்தால் வால் இன்னும் வேகமாக வெளியே வீசும். எனக்கு மூன்றாவது வருடத்தில் நடந்தது இதுதான். பம்புக்கு முன்னால் நட்டிருந்த காப்புத் தூணிலேயே கண்ணை வைத்துத் திருப்பினேன். முன்பக்கம் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. பின்னால் தகரம் கிழிகிற சத்தம். நின்றிருந்த காரின் கதவு, கைப்பிடியோடு சேர்ந்து மடங்கியிருந்தது. காரில் வந்தவர் அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார். இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைப்பு வருகிறது.

சித்தி (10:35): தம்பி, அந்தக் கார் போகும்வரை காத்திரு. தாமதமானால் ஆகட்டும்.

பெரியப்பா (10:37): சித்தி சொல்வதுதான் சரி. மூலை காலியானால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து, அகலமாகத் திரும்பலாம். பின்சக்கரம் உள்ளே வருவதற்கும் இடம் கிடைக்கும், வால் வீச்சும் குறையும். பங்கில் வேலை செய்பவர்களிடம் மரியாதையாகக் கேள், இன்னொரு வண்டி அங்கே நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள். கூரை எவ்வளவு உயரம்?

தம்பி (10:38): பலகையில் 5 மீட்டர் என்று எழுதியிருக்கிறது.

பெரியப்பா (10:40): பலகையை நம்பாதே. எழுதிய பிறகு தரையில் இன்னொரு அடுக்கு போட்டிருந்தால் அந்த அளவு இப்போது இருக்காது. ஒரு நீளக் கழியைச் சுமையோடு சேர்த்து நிறுத்தி, உச்சிக்கு நேராகத் துணி கட்டு. கிளீனர் அந்தக் கழியோடு கூரைக்கு அடியில் முழு நீளமும் நடக்கட்டும். விளக்குகள் தொங்கும் இடத்தை விடக் கூடாது. நுழைவில் மேடு இருந்தால் டிரெய்லரின் அடி தட்டுமா என்று குனிந்து பார்.

தம்பி (10:52): கார் போய்விட்டது. துணிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. மேடு தாழ்வுதான், தட்டாது.

பெரியப்பா (10:54): சரி, போகலாம். சைகை காட்டுவது கிளீனர் ஒருவர் மட்டும். "நிறுத்து" என்று மட்டும் யார் கத்தினாலும் நிறுத்து. கண்ணாடியில் கிளீனர் மறைந்த நொடியே பிரேக். இன்னொன்று, கிளீனர் எந்தக் காரணத்துக்காகவும் வாலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் நிற்கக் கூடாது. இதை இப்போதே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பிறகு போனை உள்ளே வை.

தம்பி (10:55): சரி, பெரியப்பா.

சித்தி (11:09): ஒரு சேதியும் இல்லையே?

பெரியப்பா (11:10): கூப்பிட வேண்டாம். அவன் கவனம் கண்ணாடியில் இருக்கட்டும்.

தம்பி (11:24): டீசல் நிரப்பி வெளியே வந்துவிட்டேன். ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். திரும்பும்போது மூன்று முறை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கம்பத்துக்கும் உத்திரத்துக்கும் இடையே நான் கையை நீட்டினால் கொள்ளுமளவு இடம் இருந்தது. பின்னால் ஒருவர் ஓயாமல் ஹாரன் அடித்தார்.

பெரியப்பா (11:25): அடிக்கட்டும். மூன்று முறை இறங்கினாய் அல்லவா, அது போதும் எனக்கு. அடுத்த தடவை சுமை ஏற்றுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள். இப்போது சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார். அவ்வளவு மெதுவாகத் திரும்பினாலும் சுமை கொஞ்சம் அசைந்திருக்கும்.

தம்பி (11:33): பின்னாலிருந்து இரண்டாவது சங்கிலி தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டேன். கிளம்புகிறேன்.