மெயில் லாக் அறிக்கையைத் தமிழாக்கியவர்கள் வாங்க: எந்தச் சொல் காலை வாரியது?

வரிசைக்காவலன்:
மெயில் சர்வரின் லாக்கைச் (நடவடிக்கைப் பதிவை) சுருக்கி அறிக்கையாக்கும் கருவி பிஎஃப்லாக்சம், லாக்வாட்ச், ஏடபிள்யூஸ்டாட்ஸ், கையால் எழுதிய ஆக் ஸ்கிரிப்ட் எதுவானாலும் சரி. அறிக்கையில் ஒரு சொல்லை மாற்றியதால் வந்த வினை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தால் இங்கே போடுங்கள். நிறுவுவது எப்படி என்பதெல்லாம் வேண்டாம்.

உறுத்துவது "டெலிவர்ட்". அதை "பெறுநரைச் சேர்ந்தவை" என்று போட்டாயிற்று. படிக்க அழகாகத்தான் இருந்தது. அச்செடுத்த அறிக்கையோடு கணக்குப் பிரிவு வந்து நின்றது: "சேர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் வரவே இல்லை என்கிறாரே?" லாக் வரியில் இருப்பது ஸ்டேட்டஸ்=சென்ட், டிஎஸ்என்=2.0.0 (விநியோக நிலைக் குறியீடு), அடைப்புக்குறிக்குள் 250 என்ற பதில் குறியீடு, எதிர் சர்வர் தந்த வரிசை எண், அவ்வளவுதான். "வாங்கிக்கொண்டேன், இனி என் பொறுப்பு" என்பதற்கு மேல் அந்த 250 எதையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போனதா, சத்தமில்லாமல் அழிக்கப்பட்டதா என்பது நம் லாக்குக்குத் தெரியாது. தெரியாததை நம் தமிழ் தெரிந்ததாகச் சொல்லிவிட்டது.

இப்போது அந்த வரி "அடுத்த சர்வர் ஏற்றவை". நம் சர்வரிலேயே பெட்டியில் விழுகிறவற்றை லாக்கின் ரிலே புலத்தை (மடல் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை) வைத்துப் பிரித்து, "பெட்டியில் போடப்பட்டவை" என்று தனி வரியாக்கலாம். கருவி பிரித்துத் தராவிட்டால் "ஏற்றவை" மட்டும் போதும்.

நாலுநாலு:
இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. பிஎஃப்லாக்சம் மொத்தக் கணக்கில் "5 டெஃபர்ட் (47 டெஃபரல்ஸ்)" என்று வரும். டெஃபர்ட் என்றால் இப்போதைக்குப் போகாமல் மறுமுயற்சிக்கு வைத்தது. இரண்டையும் "ஒத்திவைப்பு" என்று மாற்றிய அறிக்கை இப்படி நின்றது:

5 ஒத்திவைப்பு (47 ஒத்திவைப்பு)

பார்த்தவர் 52 என்று கூட்டிக்கொண்டு போனார். முதல் எண் மடல்களின் எண்ணிக்கை, இரண்டாவது முயற்சிகளின் எண்ணிக்கை. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் தன் இயல்பு அமைப்பில் 300 விநாடி இடைவெளியில் தொடங்கி 4000 விநாடி வரை இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும், 5 நாள் விடாது. செத்த சர்வருக்குப் போகிற ஒரே ஒரு மடல் அந்த 5 நாளில் நூறையொட்டி டெஃபரல் போட்டுவிடும். வைத்த சொல்: "5 மடல்கள் காத்திருந்தன (மொத்தம் 47 முறை முயன்றும் ஏற்கப்படவில்லை)".

"காத்திருக்கின்றன" என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலச் சொல்லில் காலம் இல்லை, தமிழில் வினைமுற்று வைத்தால் காலம் வந்தே தீரும். காலையில் காத்திருந்து மதியம் போய்ச்சேர்ந்த மடல் டெஃபர்ட் கணக்கிலும் இருக்கும், டெலிவர்ட் கணக்கிலும் இருக்கும். இந்த நொடியில் எது நிற்கிறது என்று வேண்டுமானால் மெயில்க்யூ கட்டளையைக் கேளுங்கள். லாக் அறிக்கை நடந்து முடிந்ததை மட்டுமே சொல்லும்.

பைட்டுக்கணக்கன்:
எல்லோரும் பொருளைப் பேசுகிறீர்கள், அகலத்தை யாரும் பேசவில்லை. பெயர் இடப்பக்கம் 20 இடம், எண் வலப்பக்கம் என்று பெர்ல் மொழியில் பிரின்ட்எஃப் (அகலம் குறித்து அச்சிடும் கட்டளை) போட்ட அறிக்கை. "ரிஜெக்ட்டட்" இருந்த இடத்தில் "நிராகரிப்பு" வைத்ததும் எண்கள் குடிகாரன் நடை நடந்தன.

எண்ணிப் பாருங்கள். நிராகரிப்பு: கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறி, ஏனென்றால் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனி. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33 பைட். ஸ்கிரிப்டின் தலையில் "யூஸ் யுடிஎஃப்8" இல்லாவிட்டால் பெர்ல் பைட்டைத்தான் எண்ணும். 33 ஏற்கெனவே 20-ஐத் தாண்டிவிட்டதால் ஓர் இடைவெளிகூட நிரப்பாது. போட்டால் 11 என்று எண்ணி 9 இடைவெளி நிரப்பும். அதுவும் தப்புதான். போதாக்குறைக்கு வெளியீட்டுக்கும் யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் "வைட் கேரக்டர்" எச்சரிக்கை வந்து அறிக்கை நடுவில் குந்தும்.

எழுத்தை எண்ணி நிரப்பினாலும் பயனில்லை. தமிழ் எழுத்துரு ஒரே அகலத்தில் வருவதில்லை, "ர"வும் "ணை"யும் ஒன்றா? தப்பிக்க ஒரே வழி, எண்ணை முன்னால் வலப்பக்கம் ஒட்டி வைத்து, சொல்லை வரிக் கடைசியில் விடுவது. பிஎஃப்லாக்சத்தின் மொத்தக் கணக்கு அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் அதைத் தமிழாக்கினால் அந்தப் பகுதி மட்டும் குலையாது.

அட்டவணைக்காரி:
மேலே உள்ளவரோடு உடன்பாடில்லை. 2 டிடி டேக் போட்டு எச்டிஎம்எல் அட்டவணையாக அனுப்பினால் முடிந்துபோகிற விஷயத்துக்கு இத்தனை எண்கணிதம் எதற்கு? நேரம் வீண். பிரச்சினை அறிக்கைக்குள் இல்லை, அறிக்கையைச் சுமந்து போகிற மடலில் இருக்கிறது.

நடந்தது சின்னது. தலைப்பு வரியில் "நேற்றைய மடல் போக்குவரத்து அறிக்கை" என்று இருக்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்து மட்டும் கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறியாக வந்தது. மற்றதெல்லாம் சரி. தலைப்பு வரியில் தமிழ் வர வேண்டுமானால் ஆர்எஃப்சி 2047 என்ற மடல் தர ஆவணம் சொல்லும் முறையில் பொதிய வேண்டும், ஒரு பொதி 75 குறிக்கு மேல் போகக் கூடாது. முன்னும் பின்னும் வருகிற அடையாளத்துக்கு 12 போனால் மிச்சம் 63. பேஸ்64 (3 பைட்டை 4 குறியாக்கும் முறை) நான்கு நான்காகத்தான் வரும் என்பதால் 60. அதில் அடங்குவது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறி. ஸ்கிரிப்ட் 45 பைட்டுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு வெட்டியது. முழுக்கத் தமிழ் எழுத்தாக இருந்தால் மூன்றால் வகுபடுவதால் தப்பித்திருக்கும். இடையில் ஓர் இடைவெளி, 1 பைட், வந்ததும் வெட்டு ஓர் எழுத்தின் வயிற்றில் விழுந்தது. ஒரு பொதிக்குள் எழுத்து முழுசாக இருக்க வேண்டும் என்பது அந்த ஆர்எஃப்சியிலேயே உள்ள விதி. ஆகவே பைட்டை எண்ணி வெட்டாதீர்கள், குறியை எண்ணி வெட்டுங்கள். இன்னொன்று: அடுத்தடுத்த இரண்டு பொதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மெயில் செயலி விழுங்கிவிடும். சொல்லிடைவெளி பொதிக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "நேற்றையமடல்" ஆகும்.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். மடலின் உடலுக்குக் கோட்டட்-பிரின்டபிள் என்ற பொதிமுறையை வைக்காதீர்கள். அதில் ஒரு பைட்டுக்கு 3 குறி, ஆக ஒரு தமிழ்க் குறிக்கு 9. பேஸ்64-இல் 4தான். பொதியாமல் 8பிட்டாகவே அனுப்புகிறவர்கள் வரி நீளத்தைப் பாருங்கள். எஸ்எம்டிபியில் (மடல் அனுப்பும் நெறிமுறையில்) ஒரு வரி 998 பைட், அதாவது சுமார் 332 தமிழ்க் குறி. எச்டிஎம்எல் அட்டவணையை ஒரே வரியாகக் கொட்டுகிற ஸ்கிரிப்ட் இதை முதல் நாளே தாண்டிவிடும். தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வரியை உடைக்கும். எந்த இடத்தில் உடையும் என்பது உங்கள் கையில் இல்லை. மைம்-வெர்ஷன், கன்டென்ட்-டைப், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் மூன்று வரியும் இருக்கிறதா என்று அனுப்பிய மடலின் மூலத்தைத் திறந்து பாருங்கள். திரையில் நன்றாகத் தெரிகிறது என்பது சாட்சி ஆகாது, சில செயலிகள் ஊகித்துக் காட்டிவிடும்.

பைட்டுக்கணக்கன்:
@அட்டவணைக்காரி, டெர்மினலில் படிக்கிறவனுக்கு டிடி டேக் எதற்கு?

நேற்று:
பூஜ்யம் காட்டிய அறிக்கை. நாளெல்லாம் ஆயிரக்கணக்கில் மடல் போகிற சர்வர், அறிக்கையில் எல்லா வரியிலும் 0. பிழைச் செய்தி ஒன்றுமில்லை.

சொற்களைத் தமிழில் காட்ட ஸ்கிரிப்டின் தலையில் எல்சி_ஆல் என்ற சூழல் மாறியைத் தமிழ் லோகேலுக்கு (மொழி அமைப்புக்கு) மாற்றியிருந்தார்கள். அடுத்த வரியில் டேட் கட்டளை நேற்றைய மாதப் பெயரை எடுத்து அதை லாக்கில் தேடுகிறது. டேட் இப்போது மாதத்தைத் தமிழில் தருகிறது. சிஸ்லாக் (லாக் எழுதும் சேவை) எப்போதும்போல ஆங்கிலத்தில் எழுதுகிறது. பொருந்துகிற வரி எதுவும் இல்லை, 0 என்று ஒழுங்காக அச்சடித்தது. லோகேலை ஸ்கிரிப்டுக்குள் வைக்காமல் ஷெல்லில் வைத்திருந்தால் கூத்து தலைகீழ்: கையால் ஓட்டினால் 0, ஷெல்லின் அமைப்பு எட்டாத கிரானில் (நேரப்படி தானாக ஓட்டுவதில்) ஓட்டினால் சரி.

எல்சி_டைமை மட்டும் சி என்று வைத்துப் பார்த்தும் மாறவில்லை, காரணம் எல்சி_ஆல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அது மிதித்துவிடும். எல்சி_ஆலை எடுத்துவிட்டு எல்சி_மெசேஜஸ் தமிழ், எல்சி_டைம் சி என்று பிரித்து வையுங்கள். பழைய சிஸ்லாக் வடிவில் 1 முதல் 9 வரை தேதிக்கு முன்னால் சுழியம் வராது, இடைவெளி வரும், அதையும் கவனியுங்கள். டெபியன் 12 முதல் ஆர்சிஸ்லாக் மாதப் பெயரையே விட்டுவிட்டு ஆண்டு-மாதம்-நாள் எண்களாக எழுதுகிறது. அங்கே இந்தத் தேடல் எந்த மொழியிலும் வேலைக்காகாது.

சொல்வேட்டை:
திரி தொடங்கியவர் "ஸ்பேம் பெட்டி" என்கிறார். எரிதம் என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது எதற்கு?

நாலுநாலு:
@சொல்வேட்டை, எரிதம் தெரிந்தவர் எழுதலாம். அதிகாலை 3 மணிக்கு அறிக்கையைப் பார்க்கிறவர் சொல்லகராதி தேட மாட்டார். ஸ்பேம் என்பதற்கு எரிதம் போட்டாலும் குடி முழுகாது, இரண்டும் ஒரே பொருள்தான். குடி முழுகுவது ரிஜெக்ட், பவுன்ஸ் இரண்டுக்கும் "திருப்பி அனுப்பியவை" என்று போடும்போது. ரிஜெக்ட் என்றால் வாசலிலேயே மறுப்புக் குறியீடு சொல்லி மறுத்தது, மடல் உள்ளே வரவே இல்லை, லாக்கில் பெரும்பாலும் நோக்யூ என்று இருக்கும், வரிசை எண் இருக்காது. பவுன்ஸ் என்றால் உள்ளே வாங்கிவிட்டுப் பிறகு சேர்க்க முடியாமல் அனுப்புநருக்குத் தகவல் மடல் எழுதியது. பவுன்ஸ் திடீரென்று ஏறினால் நம் பக்கம் ஏதோ கெட்டிருக்கிறது: யாருடைய கடவுச்சொல்லோ திருடுபோயிருக்கலாம், இல்லாத முகவரிக்கெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கலாம். ரிஜெக்ட் ஏறினால் பெரும்பாலும் காவல் நன்றாக வேலை செய்கிறது. "வாசலில் மறுத்தவை", "ஏற்றபின் திரும்பியவை" என்று வைத்தால் குழப்பம் இல்லை. எரிதச் சண்டையைத் தனித் திரியில் போடலாமே.

உருபு:
வேற்றுமை உருபைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "ஃப்ரம்", "டு" என்று முகவரிக்கு முன்னால் நிற்கிற சொல்லைத் தமிழில் பின்னால் ஒட்டி "இலிருந்து", "க்கு" என்று வார்ப்புருவில் எழுதினால், முகவரியின் வால் டாட் காம்க்கு, டாட் ஓஆர்ஜிஇலிருந்து என்று நீள்கிறது. அதை நகலெடுத்து லாக்கில் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. பவுன்ஸ் மடல்களில் அனுப்புநர் முகவரி வெறும் கோண அடைப்பு, உள்ளே ஒன்றுமில்லை. அங்கே உருபு மட்டும் அநாதையாக நிற்கும். "அனுப்புநர்:", "பெறுநர்:" என்று தலைச்சொல் வைத்து முகவரியைத் தனியே விடுங்கள். காலியாக இருந்தால் "(சர்வரின் தகவல் மடல்)" என்று காட்டச் சொல்லுங்கள்.

ஜெட்டெக்ஸ்ட் (செய்திகளை மொழிபெயர்க்கும் கருவித்தொகுப்பு) வழி செய்கிறவர்களுக்கு: "இத்தனையில் இத்தனை" என்பதில் தமிழுக்கு மொத்தம் முதலில் வரும். நிரப்பிடங்களை %1$, %2$ என்று எண்ணிட்டு இடம் மாற்றாவிட்டால் "12 மடல்களில் 900 மறுத்தவை" என்று வரும். இரண்டும் எண்தான் என்பதால் அதன் எம்எஸ்ஜிஎஃப்எம்டி சோதனையும் கண்டுபிடிக்காது.

முகப்பு:
ஏடபிள்யூஸ்டாட்ஸ்காரர்களுக்குச் சுருக்கமாக. லாங் அடைவில் உள்ள செய்திக் கோப்பை முழுக்கத் தமிழாக்கிய பிறகும் எஸ்எம்டிபி பிழை அட்டவணை மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கும். அந்த விளக்கங்கள் அங்கே இல்லை, லிப் அடைவில் ஸ்டேட்டஸ்_எஸ்எம்டிபி என்ற பெர்ல் கோப்பில் இருக்கின்றன. அதை மாற்றுகிறவர்கள் எண்ணைத் தொடாதீர்கள், விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். செய்திக் கோப்பின் தலையில் பேஜ்கோட் யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும்.

லாக்வாட்ச் என்றால் மூல ஸ்கிரிப்டில் கை வைக்காமல் ஈடிசிக்குக் கீழுள்ள லாக்வாட்ச் அடைவில் படி எடுத்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் தமிழ் காணாமல் போகும்.

மணியடிக்காதவன்:
மூன்று நாள் மணி அடிக்கவில்லை. வரிசை தேங்கினால் எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்ட், அறிக்கைக் கோப்பில் "டெஃபர்ட்" என்ற ஆங்கிலச் சொல்லை கிரெப் செய்து (தேடி) பக்கத்து எண்ணைப் பார்க்கிறது. அறிக்கை தமிழானதும் சொல் கிடைக்கவில்லை. கிடைக்காததை 0 என்று எடுத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டது.

ஸ்கிரிப்டிலும் தமிழ்ச் சொல்லை வைத்தார்கள், "தோல்வி" என்று. அப்போதும் அடிக்கவில்லை. அறிக்கையில் உள்ள "தோ"வின் ஓகாரக் குறி ஒரே யூனிகோடு குறி, 3 பைட். ஸ்கிரிப்டில் அது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக, 6 பைட். திரையில் மயிரிழை வேற்றுமை கிடையாது, கிரெப்புக்கு இரண்டும் வேறு சொல். ஹெக்ஸ்டம்ப் போட்டுப் பார்த்துத்தான் பிடிபட்டது. கோப்பு இரண்டையும் என்எஃப்சிக்கு (சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவுக்கு) மாற்றினால் பொருந்தும். ஆனால் அந்த எச்சரிக்கை இப்போது அறிக்கையைப் படிப்பதே இல்லை, நேரே லாக்கில் ஸ்டேட்டஸ்=டெஃபர்டைத்தான் எண்ணுகிறது.

வரிசைக்காவலன்:
@மணியடிக்காதவன், டெஃபர்ட் வரிகளை அப்படியே எண்ணினால் மேலே நாலுநாலு சொன்ன 47தான் வரும், 5 வராது. வரிசை எண்ணை எடுத்து, மறுபடி வருவதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.